என் கணவர் தலையில் உள்ள இரும்பை எடுக்க வேண்டாம்

அனுப்புநர்
மஹின் தஷ்தியானி,
(யதுல்லா பூர்மந்த் அவர்களின் மனைவி)
இரண்டாம் கட்டடம், மூன்றாம் மாடி,
போரால் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு,
ஷிராஸ்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மருத்துவப் புகார் விசாரணைக் குழு,
ஷிராஸ்.

பொருள்: போரில் காயமடைந்த என் கணவரின் மூளைக்குள் தங்கியுள்ள குண்டுச் சிதறலை அறுவை செய்து எடுக்க வழங்கப்பட்ட அனுமதியை நிறுத்தவும், முடிவெடுக்கும் முன் அவரையே நேரில் கேட்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் கணவரின் சித்தப்பா திரு. ஹைதர்குலி பூர்மந்த் அளித்த புகார்.
2. தங்கள் குழுவின் மெஹ்ர் மாதக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தலையில் குண்டுச் சிதறல் தைத்தவர்களின் வீடுகளிலிருந்து தங்களுக்கு மனுக்கள் வருவது புதிதல்ல. இரும்பை எடுத்துவிடச் சொல்லித்தான் அவை வரும். நான் எடுக்க வேண்டாம் என்று கேட்டு எழுதுகிறேன். இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஓரமாக வைத்துவிடாமல் கடைசி வரி வரை படிக்க வேண்டுகிறேன். மனு நீளமாகத்தான் இருக்கும். சுருக்கமாகச் சொல்லி விளங்க வைக்கக்கூடிய விஷயமாக இருந்தால் என் சின்ன மாமனாருக்கே விளங்க வைத்திருப்பேன். தங்களுக்கு இந்தச் சிரமம் வந்திருக்காது.

1. நாங்கள் ஆபாதான்காரர்கள். போர் தொடங்கியதும் ஊரை விட்டு இங்கே வந்தோம். அங்கே நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தேன். இங்கேயும் அதே வேலைதான். கணவர் யதுல்லா வெல்டர். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்த அவரைத் தன் பிள்ளையாக வளர்த்தவர் சித்தப்பா ஹைதர்குலி. ஆபாதானில் அவருக்கு இரும்புப் பட்டறை இருந்தது. இப்போது எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மண்ணெண்ணெய் அடுப்புகளைப் பழுது பார்க்கிறார். தங்களிடம் புகார் கொடுத்தவர், நான் மாமா என்று கூப்பிடும் அவர்தான். அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை கிடையாது. என் கணவர் மேல் தனக்கிருக்கும் பாசத்தில் பாதிகூட எனக்கில்லை என்று குடியிருப்பில் சொல்லித் திரிகிறார். அது பொய். மற்றபடி நல்ல மனிதர்.

2. போன குளிர்காலத்தில் என் கணவர் தன்னார்வலராக எல்லைக்குப் போனார். மிதவைப் பாலங்களைப் பற்றவைக்கும் வேலை. பக்கத்தில் விழுந்த பீரங்கிக் குண்டின் சிதறல் ஒன்று, பேரீச்சங்கொட்டை அளவில், இடது புருவத்துக்கு மேலே நுழைந்தது. புருவ எலும்புக்குள் மூக்கோடு தொடர்புள்ள ஒரு காற்றறை உண்டாம். அதை உடைத்துக்கொண்டு மூளைக்குள் புகுந்து, இடப்பக்கத்திலேயே வெகு ஆழத்தில் போய் நின்றுவிட்டது. காயம்பட்டவர்களை வரிசை வரிசையாகப் படுக்க வைத்த விமானத்தில் அவரும் ஷிராஸ் வந்து சேர்ந்தார். நர்கீஸ் மருத்துவமனையில் டாக்டர் ஹுமாயூன் சதாகத் அன்றே அறுவை செய்தார். நொறுங்கிய எலும்புச் சில்லுகள், முடி, தொப்பித் துணியின் நூல், செத்துப்போன சதை எல்லாவற்றையும் எடுத்தார். உடைந்த நெற்றியெலும்பு ஒட்ட வைக்கிற நிலையில் இல்லை, அதுவும் போயிற்று. இரும்பை மட்டும் எடுக்கவில்லை.

ஏன் என்று நான் கேட்டேன். டாக்டர் நின்றபடியே சர்க்கரைக் கட்டியை வாயில் வைத்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதுகிறேன்: "அம்மா, இரும்பு ஒரு வழியில போய் உட்கார்ந்துருச்சு. நான் அதைத் தேடிப் போனா இன்னொரு வழி வெட்டணும். அந்த வழியிலதான் உங்க வீட்டுக்காரர் இருக்கார்."

ஐயா, எத்தனையோ பேரின் குரல்களைக் கம்பி வழியாகக் கேட்டு வாழ்கிறவள் நான். இப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை கேட்டதில்லை. ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்று விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஆள் ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

3. இனி எங்கள் குடியிருப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புகாரின் வேர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் காயம்பட்ட ஆள் இல்லாத வீடு குறைவு. உடம்பிலிருந்து எடுத்த இரும்பை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி வந்து, கண்ணாடிப் பெட்டியில் பட்டுத்துணி விரித்து, ஆளின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நலம் விசாரிக்கப் பழ டப்பாவோடு வருகிறவர்கள் முதலில் நோயாளியைப் பார்ப்பார்கள், அடுத்து இரும்பைப் பார்ப்பார்கள். கையில் எடுத்துக் கனம் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால்தான் விசாரிப்பு முழுமை பெறும்.

சின்ன மாமனாரும் ஆசையாக ஒரு பெட்டி செய்தார். மூலைகளைத் தானே பற்றவைத்து, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டினார். வைக்க இரும்பு இல்லை. வந்தவர்களிடம் நான் எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். சாம்பல் நிற மண்டையோட்டுக்குள் அந்த இரும்பு வெள்ளை வெளேரென்று தெரியும். மாமாவுக்கு அது போதவில்லை. "எல்லா வீட்லயும் பெட்டியில இரும்பு, நம்ம வீட்ல தலையில இரும்பு" என்று அடிக்கடி சொல்லிக் காட்டினார். எதிர்வீட்டுக்காரி வேறு, "மஹின், உங்க டாக்டருக்கு அவசரம்போல, பாதி வேலையிலயே கையைக் கழுவிட்டார்" என்றாள். அவள் சொன்னது மாமாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்தப் பெட்டியில் நான் சர்க்கரைக் கட்டி போட்டு வைத்தேன். அதற்கும் அவருக்குக் கோபம்.

4. புகாரின் முதல் குற்றச்சாட்டு, இரும்பு உள்ளே கிடந்து துருப்பிடித்துத்தான் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது என்பது. மாமா சொல்கிற நியாயம் கேட்க நன்றாகத்தான் இருக்கும்: "இரும்பைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றே? ஈரத்துல கிடந்தா துரு ஏறும். மூளையைவிட ஈரமான எடம் எது?" நடந்தது வேறு.

அறுவை முடிந்து நினைவு திரும்பி, என் கணவர் படுக்கையில் உட்கார ஆரம்பித்த சமயம். தொழுகைக்குக் குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டியது. மருத்துவமனைக் கூடம் குளிர்ச்சியாக இருந்ததால் சளி என்று எல்லாரும் நினைத்தோம். சளி என்றால் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது, வேகவைத்த சிவப்பு முள்ளங்கிதான். மாமா ஒரு கிண்ணம் நிறைய ஆவி பறக்கக் கொண்டுவந்து, "ஊதி ஊதித் தின்னுடா, மூக்கை நல்லா சிந்து" என்று ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் டாக்டர் உள்ளே வந்தார். கிண்ணத்தைப் பார்த்து, "யாருக்குச் சளி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இவரைக் கைகாட்டினோம். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

இவரைக் குனியச் சொல்லி, மூக்கின் கீழே ஒரு சின்னக் குப்பியைப் பிடித்தார். சொட்டு விழுந்தது. தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது. "இது சளி இல்லம்மா. மூளை மிதக்குற தண்ணி" என்றார். நான் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இவ்வளவு தெளிந்த நீர் இருக்கிறது, அதில்தான் நம் நினைவெல்லாம் மிதக்கிறது என்று நாற்பது வயது வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் நீர் வெளியே வரும் வழி, வெளியே இருக்கும் கிருமி உள்ளே போகும் வழியும் ஆகும் என்று டாக்டர் விளக்கினார். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, கண்ணிமைகளாலேயே தொழுதுகொள்ளட்டும் என்றார். அதன் பிறகு சில வாரங்கள் என் கணவர் மல்லாந்து படுத்தபடி இமைகளைத் தாழ்த்தித்தான் தொழுதார். அப்படி ஒரு தொழுகையை நான் பார்த்ததில்லை.

காய்ச்சல் அதற்குள் முந்திக்கொண்டது. கழுத்து விறைத்தது, ஆள் பிதற்றினார். மருந்து தட்டுப்பாடான காலம். டாக்டர் எங்கெங்கோ பேசி, நானும் இணைப்பகத்தில் இருந்தபடி ஊர் ஊராக அவருக்கு இணைப்புக் கொடுத்து, மருந்து வந்தது. காய்ச்சல் தணிந்ததும் மறுபடி தலையைத் திறந்து, மூளையின் உறையில் இருந்த ஓட்டையைத் தொடையிலிருந்து எடுத்த சவ்வால் அடைத்தார். வெளியே வந்து என்னிடம், "உங்க வீட்டுக்காரர் வெல்டர்தானே? ஒட்டு நல்லாப் போட்டிருக்கேன், எழுந்ததும் குறை சொல்லக் கூடாதுன்னு சொல்லி வைங்க" என்றார். அன்று முதல் இன்று வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாமா மட்டும், "கால்ல இருந்த தோலை எடுத்துத் தலைக்கு ஒட்டுப்போட்டிருக்கார், செருப்புத் தைக்கிறவர் மாதிரி" என்றார். ஐயா, நடக்க வைத்த தொடையின் ஒரு துண்டு இப்போது நினைக்க வைக்கும் மூளைக்குக் காவல் இருக்கிறது. என்னால் இதை வியக்காமல் இருக்க முடியவில்லை. மாமாவால் முடிகிறது.

5. இரண்டாம் குற்றச்சாட்டு, எதிரி வைத்த இரும்பை எடுக்காதது போதாதென்று டாக்டர் தன் பங்குக்கு இன்னொரு இரும்பையும் உள்ளே வைத்துவிட்டார் என்பது. இது உண்மை. ஏன் வைத்தார் என்பதைப் புகாரில் எழுதவில்லை.

ஒழுகல் நின்றது, காய்ச்சல் விட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று நாங்கள் மூட்டை கட்டினோம். டாக்டர் விடவில்லை. சிதறல் போன வழியில் ரத்தக்குழாய் எதையாவது உரசியிருந்தால், அந்த இடம் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் உப்பி, ஒரு நாள் திடீரென்று வெடிக்கும் என்றார். நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படிப் போனதைப் பார்த்தவராம். குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார். அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். இலை உதிர்ந்த மாதுளை மரம்போல் குழாய்கள் கிளை விட்டிருந்தன. ஒரு கிளையில், இருக்கக் கூடாத இடத்தில், ஒரு மொட்டு. "இது பூக்கக் கூடாதும்மா" என்றார்.

மூன்றாம் முறையாகத் தலையைத் திறந்தார். அந்த மொட்டின் காம்பில் அரிசி நீளத்தில் ஒரு கவ்வியைப் போட்டார். மருத்துவமனையில் அப்போது அப்படிப்பட்ட கவ்விகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. எக்ஸ்ரேயில் இப்போது இரண்டு வெள்ளை தெரியும். கொல்ல வந்த இரும்பு ஒன்று, காக்க வந்த இரும்பு ஒன்று. இரண்டும் ஒரே தலையில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கின்றன. நாடுகள் ஏன் இப்படி இருக்கக் கூடாது என்று எழுத வந்தேன்; அது மனுவின் பொருளுக்கு வெளியே போகும் என்பதால் விடுகிறேன்.

6. மூன்றாம் குற்றச்சாட்டு, எடுக்கத் தெரியாததால்தான் டாக்டர் இரும்பை விட்டுவிட்டார் என்பது. இதற்கு அவர் சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. "போர் ஆரம்பிச்சப்போ நானும் புத்தகத்துல இருந்தபடி தேடித் தேடி எடுத்தேன்மா. எடுத்த இரும்பெல்லாம் தட்டுல பளபளன்னு கிடந்துச்சு. யார் தலையில இருந்து எடுத்தேனோ அவங்க எழுந்து பேசல. இரும்பு பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். ஒழுகுற ஓட்டைதான் ஆளைக் கொல்லும். அதைக் கத்துக்கொடுத்தது இந்தக் கட்டில்ல படுத்திருந்த பசங்க" என்றார். கை இருந்தும் கையை நிறுத்தத் தெரிந்தவரைக் கையாலாகாதவர் என்று புகாரில் எழுதியிருப்பது எனக்கு ஆறவே இல்லை.

7. என் கணவரின் இன்றைய நிலை பற்றிப் புகாரில் 'புத்தி சுவாதீனம் அற்றவர்' என்று இருக்கிறது. அப்படி அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

வலக்கை மெலிந்துவிட்டது. இளவேனிலில் நான்கைந்து முறை வலிப்பு வந்தது. மாத்திரை தொடங்கிய பின் கோடை முழுதும் வரவில்லை. நெற்றியின் இடப்பக்கம் எலும்பில்லாமல் பள்ளமாக இருக்கிறது. அங்கே தோலுக்கு அடியில் மூளை துடிப்பது கண்ணுக்குத் தெரியும். முதலில் பார்க்கப் பயந்தேன். இப்போது அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். கோபம் வந்தால் அது வேகமாகத் துடிக்கிறது, நான் கையைப் பிடித்தால் நிதானமாகிறது. மனைவியாக இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் கணவனின் மனம் இப்படிக் கண்ணெதிரே தெரிந்திருக்காது. கிருமி வராமல் ஓராண்டு கழிந்தால் அந்தப் பள்ளத்தை மூடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை வெளியே போனால் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போட்டுக்கொள்கிறார். ரேஷன் வரிசையில் பிள்ளைகள், "மாமா, வண்டி எங்கே?" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

பேச்சுதான் சிக்கல். தண்ணீர் வேண்டுமென்றால் 'சன்னல்' என்பார். ரொட்டிக்கு 'சனிக்கிழமை' என்பார். எங்கள் மாடியில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. 'சன்னல் கொடு' என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தைகூடத் தண்ணீர்தான் எடுத்துவரும். என் பெயரையோ சித்தப்பா பெயரையோ அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் தொழுகையில் நின்றால் வேதவசனம் ஒரு எழுத்துப் பிசகாமல் முழுதாக வருகிறது. ரொட்டி கேட்கத் தெரியாத வாய் இறைவனிடம் தடுமாறாமல் பேசுகிறது. இது எப்படி என்று டாக்டரைக் கேட்டேன். அவை வேறு வேறு இடத்தில் இருக்கின்றன, ஒன்று உடைந்தாலும் இன்னொன்று நிற்கும் என்றார். மேற்கொண்டு கேட்டதற்கு, "எனக்கும் தெரியலம்மா. தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்று மேலே காட்டினார்.

அவர் சொல் தவறலாம், எண்ணம் தவறுவதில்லை. இணைப்பகத்தில் வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன்: கம்பி அறுந்துபோனது, பேசுகிறவர் மறுமுனையில் உயிரோடு இருக்கிறார். அவர் பதில் சொல்ல நேரமாகும். நாம் குறுக்கே பேசாமல் காத்திருந்தால் சரியான சொல் வந்து சேர்கிறது. போன மாதம் அடுப்பு புகைந்தபோது வெகுநேரம் முயன்று 'திரி' என்றார். திரிதான் கருகியிருந்தது.

8. இந்த நிலையில்தான் தங்கள் கடிதம் வந்தது. புகாரின் பேரில் டாக்டர் சதாகத் விசாரணை முடியும் வரை அறுவை அரங்குக்குள் போகக் கூடாது என்றும், தலைநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேறொரு மருத்துவர் இந்த ஆபான் மாதம் இருபதாம் தேதி இரும்பை எடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. அந்த மருத்துவர் என் கணவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மாமா அனுப்பிய எக்ஸ்ரேயை மட்டும் பார்த்திருக்கிறார். படத்தில் இரும்பு தெரியும். என் கணவர் தெரிய மாட்டார்.

ஒப்புதல் கையெழுத்து மாமாவுடையது. காயம்பட்டு வந்த அன்று நான் இணைப்பகத்தில் இருந்ததால், காப்பாளர் என்று அவர் பெயரைப் பதிந்துவிட்டார்கள். அதன் பின் என் கையெழுத்து எங்கும் செல்லுபடியாகவில்லை. காப்பாளர் இருக்கும்போது மனைவியின் ஒப்புதல் தேவையில்லை என்று தங்கள் அலுவலகச் சன்னலில் எனக்கு மரியாதையாகவே சொன்னார்கள். நானும் மரியாதையாகவே திரும்பி வந்தேன். படியிறங்கும்போதுதான் அழுதேன். இரும்பு போன வழியில் என் கணவர் எவ்வளவோ இழந்துவிட்டார். அதை எடுக்கப் போகும் வழியில் மீதி இருப்பதும் போய்விடும். வேதவசனம் போகும், 'திரி' போகும், நான் கையைப் பிடித்தால் அடங்குகிற அந்தத் துடிப்பும் போகும். பெட்டியில் வைக்க இரும்பு கிடைக்கும்.

9. ஆகவே தங்களிடம் நான் பணிவுடன் வேண்டுவது:

ஆபான் இருபதாம் தேதி அறுவைக்கு வழங்கிய அனுமதியை உடனே நிறுத்தி வையுங்கள்.

என் கணவரைத் தங்கள் குழுவின் முன் அழைத்து, தலையில் உள்ள இரும்பு இருக்கலாமா, எடுக்கலாமா என்று அவரையே கேளுங்கள். கேட்டுவிட்டுத் தயவுசெய்து காத்திருங்கள். தேநீர் ஆறிப்போனாலும் காத்திருங்கள். அவர் என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன். எடுக்கச் சொன்னாலும் சரி.

டாக்டர் சதாகத்தை அறுவை அரங்குக்குத் திரும்ப விடுங்கள். எல்லையிலிருந்து விமானங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் படுத்திருப்பவர்களுக்கு எங்கள் வீட்டுச் சண்டையில் பங்கில்லை.

இந்த மனுவை உறையில் இடுவதற்கு முன் நேற்று மாலை நடந்ததையும் சேர்க்க வேண்டியுள்ளது. முதுகுக்குப் பின்னால் எழுதினேன் என்ற பேச்சு வரக் கூடாது என்பதால், மண்ணெண்ணெய் ஊற்ற மேலே வந்த மாமாவை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். நடுவில் பலமுறை குறுக்கிட்டார். செருப்பு என்று தான் சொல்லவே இல்லை என்றார். சொன்னார், ஐயா. படித்து முடித்ததும், "ஊர்ல இருக்கிற அதிகாரியெல்லாம் எதுக்கு இவனைக் கேக்கணும்? நானே கேக்கறேன்" என்று என் கணவரின் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு அமர்ந்தார். "டேய் யதுல்லா, அந்த இரும்பை எடுத்துடலாமா? வேணாமா? உன் வாயால சொல்லு. நீ சொன்னா அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

என் கணவர் அவரையே பார்த்தார். நெற்றியில் துடிப்பு ஏறியது. உதடு இருமுறை அசைந்து நின்றது. மாமா பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. அடுப்பு பற்றிக்கொள்ளும் வரைகூட நிற்க மாட்டார். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தேநீர்ச் சமோவாரில் தண்ணீர் கொதித்ததும் நானே எழுந்து அதை அணைத்துவிட்டு வந்தேன். அப்போதும் உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக என் கணவர் இடக்கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தார். "சித்தப்பா" என்றார். காயம்பட்ட நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கி, "இருக்கட்டும்" என்றார்.

மாமா அழுததை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன். மனுவில் உண்மையை மறைக்கக் கூடாது அல்லவா.

தங்கள் நல்ல முடிவுக்காகக் காத்திருக்கும்,

மஹின் தஷ்தியானி
(கையொப்பம்)

நாள்: ஆபான் 3, 1366 (சூரிய ஹிஜ்ரி)
இடம்: ஷிராஸ்

யதுல்லா பூர்மந்த்
(இடக்கைக் கையொப்பம்)

மேற்படி மனுவைப் படிக்கக் கேட்டேன். அறுவைக்கு நான் கொடுத்த ஒப்புதலையும், டாக்டர் மீது கொடுத்த புகாரையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் தலை அவனுடையது.

ஹைதர்குலி பூர்மந்த்
(கையொப்பம்)